சவேரியார் கடிதங்களும் சவேரியார் கதைகளும்

நம் கொற்கையைக் காண வரும் வெளியூர் அன்பர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "கடல் எங்கே?" என்பதுதான். பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பெயர் போன பட்டினம் என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள், வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூரைக் கண்டு திகைத்து நிற்கிறார்கள். தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டு வந்து கொட்டிய வண்டலால் கடல் கிழக்கே விலகிப் போயிற்று. துறைமுகமும் அதைத் தொடர்ந்து காயலுக்கும், பின்னர் புன்னைக்காயலுக்கும் இடம் மாறியது.

அப்படியானால் கொற்கை துறைமுகமாக இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? சங்கப் புலவர்கள் கொற்கை முத்தைப் பாடியுள்ளனர். புலவர் வாக்கில் மிகை உண்டு என்பவர்க்கு, கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் நூல் இருக்கிறது. இங்கே பாண்டிய மன்னனுக்குரிய முத்துச் சலாபத்தில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்தார்கள் என்று அது கூறுகிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் இவ்வூரைக் குறித்திருக்கிறார். 1870-களில் இடையன்குடி கால்டுவெல் ஐயர் இங்கு வந்து நிலத்தைத் தோண்டிப் பார்த்து எழுதினார். 1968-69-ல் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறையினர் முறையாக அகழ்ந்தனர். தாழிகளும் ஓடுகளும் சங்குகளும் வெளிப்பட்டன. கிடைத்த கரித்துண்டு ஒன்றைக் கதிரியக்கக் கரிச் சோதனைக்கு அனுப்பியதில் காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டு என்று தெரிந்தது. பாட்டும் பயணியின் குறிப்பும் மண்வெட்டியும் ஒரே சாட்சியைச் சொல்லின. அதற்காகப் புலவர்கள் பாடிய ஒவ்வொரு அடியும் அப்படியே நடந்தது என்று நம்மில் எவரும் சொல்வதில்லை. இலக்கியம் வேறு, சான்று வேறு என்று நாம் எளிதாகப் பிரித்துக்கொள்கிறோம்.

இதே அளவுகோலை நம் வேத நூல்களிலும் அடியார் வரலாறுகளிலும் வைக்கலாமா? வைப்பது விசுவாசக் குறைவு ஆகுமா? யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, கோயில் கட்டிய கதையையும் பங்குக் குருக்களின் வரிசையையும் பிறர் எழுதுவார்கள், நாம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம் என்று எண்ணினேன். கல்லூரிக்குப் போய் வரும் நம் பிள்ளைகள் இன்று வீட்டில் கேட்கும் கேள்வி இதுவே. பல வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில் ஓர் அதட்டல் மட்டுமே. அதட்டலுக்குப் பிறகு பிள்ளை கேட்பதை நிறுத்திவிடுகிறான். சில நாளில் பூசைக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறான்.

இதற்கு உரோமைக்கோ யெருசலேமுக்கோ உடனே போக வேண்டியதில்லை. நமக்கு மிக அருகிலேயே, முத்துக்குளித்துறையிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உள்ளது. அதுதான் புனித பிரான்சிஸ் சவேரியாரின் வரலாறு.

கதைகள்

சவேரியார் 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இக்கடற்கரைக்கு வந்தார். அதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே பரதவ மக்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால் போதிக்க ஆளில்லாமல் செபம் ஒன்றும் அறியாதிருந்தனர். சவேரியார் இங்குத் தங்கியது மொத்தத்தில் சில ஆண்டுகளே. அவர் 1552-ல் சீனக் கரைக்கு எதிரேயுள்ள சாஞ்சியான் தீவில் இறந்தார். 1622-ல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது.

அவரைப் பற்றி நாம் சிறு வயதில் கேட்ட கதைகள் யாவை? அவர் எந்த நாட்டில் பேசினாலும் அந்தந்த நாட்டார் தம் தாய்மொழியில் கேட்டனர் என்பது ஒன்று. வடுகர் படை திரண்டு வந்தபோது சிலுவையை ஏந்தித் தனியாளாக எதிரே நின்றார், படை பின்வாங்கி ஓடியது என்பது மற்றொன்று. மலுக்குத் தீவுகளின் பக்கம் கடல் கொந்தளித்தபோது அவர் சிலுவையைக் கடலில் தோய்க்க, அது கைநழுவி மூழ்கியது. மறுநாள் அவர் கரையில் நடக்கையில் ஒரு நண்டு அதைக் கொடுக்கில் தூக்கி வந்து கொடுத்தது என்பது இன்னொன்று. ஓட்டில் சிலுவைக் குறி உள்ள 'சிலுவை நண்டு' நம் கடலிலும் வலையில் விழுவதால் இக்கதை நம் மீனவர் வீடுகளில் மறையாமல் இருக்கிறது.

இவற்றில் சில சாதாரண வாய்வழிக் கதைகள் அல்ல என்பதை மறக்கக் கூடாது. சவேரியார் இறந்த சில ஆண்டுகளில், 1556-ல், போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜான் ஆணையிட்டதன் பேரில் கோவா, கொச்சி, மலாக்கா முதலிய ஊர்களில் ஆணையிட்டுச் சாட்சியங்கள் பதிவாயின. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் விசாரணைகள் நடந்தன. பலமொழி வரம், புனிதர் பட்ட ஆணைப் பத்திரத்திலேயே இடம் பெற்றது. ஆகவே கதை சொன்ன பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடிதங்கள்

நமக்குக் கிடைத்த பெரும் பேறு, சவேரியார் தம் கைப்படவும் பிறரைக் கொண்டும் எழுதிய கடிதங்கள் மிஞ்சியிருப்பதாகும். உரோமையிலுள்ள இஞ்ஞாசியாருக்கும் உடன் சகோதரருக்கும் எழுதிய நீண்ட கடிதங்கள் உண்டு. 1544-ல் இக்கடற்கரையில் தமக்கு உதவியாக இருந்த பிரான்சிஸ்கோ மன்சிலாஸ் என்பவருக்கு எழுதிய சிறு கடிதங்கள் இருபதுக்கு மேல் உண்டு. மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர் என்று நாம் பஸ்ஸில் போய்வரும் ஊர்களின் பெயர்களே அவற்றில் நிறைந்துள்ளன. இந்த மன்சிலாஸ் பின்னர் மலுக்குத் தீவுகளுக்குப் போகச் சொன்னபோது மறுத்ததால் சேசு சபையிலிருந்து நீக்கப்பட்டவர். நீக்கியவர் சவேரியாரே. இருந்தும் அவர் அக்கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். மனத்தாங்கலுக்குக் காரணம் உள்ள ஒருவர் காத்து வைத்த கடிதங்கள், புகழ்ச்சிக்காகப் புனையப்பட்டவை என்று எவரும் சொல்ல முடியாது.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தம் மொழித் தொல்லையை அவரே விவரிக்கிறார். தமக்குத் தாய்மொழி பாஸ்க்கு, மக்களுக்குத் தாய்மொழி தமிழ்; அவர்கள் பேசுவது தமக்கும் தாம் பேசுவது அவர்களுக்கும் விளங்கவில்லை என்கிறார். இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, நெடுநாள் பாடுபட்டுச் செபங்களை மொழிபெயர்த்தார். அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியவரையும் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். அதே ஆண்டு மன்சிலாசுக்கு எழுதும்போது, துபாசி இல்லாமல் தாம் தனியே அகப்பட்டுக்கொண்டதைக் குறிப்பிட்டு, தம் பிழைப்பையும் பிரசங்கத்தையும் நீரே எண்ணிப் பாரும் என்ற பொருளில் வேடிக்கையாக எழுதுகிறார். பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும், ஏழையின் தேவையைக் கண்ணால் கண்டு அறியவும் துபாசி வேண்டியதில்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது மொழியைப் பற்றிய ஒரு சிறு திருத்தம். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் முதலில் 'எனக்கு வேணும்' என்றே மொழிபெயர்த்திருந்தார்கள். 'வேணும்' என்றால் 'விரும்புகிறேன்' என்று பொருள், 'நம்புகிறேன்' என்று பொருள் அல்ல என்பதைச் சவேரியார் பின்னர் தெரிந்துகொண்டார். ஆகவே 'வேணும்' என்பதை எடுத்துவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுமாறு மன்சிலாசுக்கு எழுதினார். ஆண்டவர் பாடுபட்டதைச் சொல்லும் இடத்தில், பலவந்தத்தால் பாடுபட்டார் என்று பொருள்படும் ஒரு சொல் நுழைந்திருந்தது. கிறிஸ்து மனமுவந்து பாடுபட்டார், யாரும் வற்புறுத்தவில்லை என்று விளக்கி அதையும் நீக்கச் சொன்னார்.

பல மாதங்களாகச் சவேரியார் மணியடித்துக் கூட்டிய சிறுவர்கள், 'எல்லாம் வல்ல பிதா எனக்கு வேணும்' என்று சொல்லியிருக்கிறார்கள்! பலமொழி வரம் பெற்றவர் இப்படி எழுதியிருக்க வேண்டியதில்லை. ஒன்றில் கடிதம் பொய், அல்லது கதை பொய் என்ற நிலை வரும்போது, எழுதியவர் சவேரியாரே என்பதால் கடிதத்தையே நாம் நம்ப வேண்டும். நம்பும்போது நாம் எதை இழந்தோம்? சிரமமில்லாமல் பேசிய ஒருவரை இழந்து, முப்பத்தெட்டு வயதில் மாணவன்போல் உட்கார்ந்து தமிழ்ச் சொற்களை நெட்டுருப் போட்ட ஒருவரைப் பெறுகிறோம். எனக்கு இரண்டாமவரே பெரியவராகத் தெரிகிறார்.

வடுகர் படைக் கதை இவ்வளவு தெளிவானது அல்ல. 1544 ஜூனில் வடுகர் குமரிமுனைப் பக்கம் இருந்த கிறிஸ்தவ ஊர்களைச் சூறையாடினர். மக்கள் கடலில் உள்ள பாறைகளில் ஏறி ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தனர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் உதவிக்குப் புறப்பட்டார். எதிர்க்காற்று பலமாக அடித்தது. துடுப்புப் போட்டும், கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் முனையை எட்டவில்லை. திரும்பி வந்து, காற்று தணிந்தால் மறுபடியும் போவேன் என்று மன்சிலாசுக்கு எழுதினார். பின்னர் தரை வழியாகவே அங்கு போய், உண்ண உணவின்றியும் நடக்க மாட்டாமலும் வழியில் பிள்ளை பெற்றும் கிடந்த மக்களைக் கண்டு மனம் உடைந்ததை ஆகஸ்டு மாதக் கடிதம் சொல்கிறது. சிலுவையைக் கண்டு ஓடிய படையைப் பற்றி இக்கடிதங்களில் ஒரு சொல்லும் இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். தாழ்ச்சியுள்ள அடியார் தம் புதுமையைத் தாமே எழுதுவாரா? எழுதமாட்டார். ஆகவே கடிதத்தில் இல்லை என்ற ஒரே காரணத்தால் அது நடக்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. மெய்ப்பிக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்லலாம். பலமொழி வரத்தை அவருடைய கடிதமே மறுக்கிறது; படை ஓடியதை அது மறுக்கவில்லை, ஆதரிக்கவும் இல்லை. இந்த வேறுபாட்டைக் காண்பதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி. எல்லாம் உண்மை என்பதும் எல்லாம் கட்டுக்கதை என்பதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள்.

நண்டின் கதைக்கு ஒரே சாட்சி. அந்தப் படகில் தாமும் இருந்ததாகச் சொன்ன ஒரு போர்த்துக்கீசியர், அது நடந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, முதிர்ந்த வயதில் ஆணையிட்டுச் சொன்னது அது. மனிதர் பொய்யர் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அறுபது ஆண்டில் ஒருவர் நினைவில் என்னென்ன சேரும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வெள்ளக் கதைகளைக் கேட்டாலே அறியலாம். நண்டின் ஓட்டிலுள்ள குறியோ, கிழக்கு ஆப்பிரிக்கா முதல் ஜப்பான் வரையுள்ள கடல்களில் அந்த இனத்துக்கே இயல்பானது.

கொம்புத்துறைப் பெண்

அப்படியானால் புதுமைகள் எல்லாம் போய்விட்டனவா? கடிதங்களிலேயே ஒன்று இருக்கிறது, அதுவும் நமக்கு மிக அருகில். 1542 அக்டோபர் 28-ஆம் தேதி தூத்துக்குடியிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் அதைக் கூறுகிறார். வழியில் ஒரு புறமத ஊர். தலைவனுக்கு அஞ்சி ஒருவரும் கிறிஸ்தவராகத் துணியவில்லை. அங்கே ஒரு பெண் மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் துடித்தாள். பிழைப்பாள் என்ற நம்பிக்கை பலருக்கும் அற்றுவிட்டது. சவேரியார் உடன் வந்த தமிழறிந்த துணைவர் ஒருவருடன் அந்த வீட்டுக்குள் நுழைந்து, துபாசி மூலம் விசுவாச சத்தியங்களைச் சொன்னார். அவள் ஏற்றுக்கொண்டாள். சுவிசேஷம் வாசித்து ஞானஸ்நானம் கொடுத்தார். உடனே குழந்தை பிறந்தது. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பச்சைக் குழந்தைக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். செய்தி ஊரெங்கும் பரவியது. தலைவனின் அனுமதி கேட்டுப் பெற்ற பின் ஊராரும் சேர்ந்தனர்.

ஊரின் பெயரைக் கடிதம் சொல்லவில்லை. காயல்பட்டினத்தை அடுத்த கொம்புத்துறை என்று மரபு சொல்கிறது; ஆராய்ந்தவர்களும் அதை ஏற்கிறார்கள். இந்தச் சாட்சியத்தின் தரத்தைப் பாருங்கள். சொல்பவர் நேரில் இருந்தவர். எழுதியது நிகழ்ச்சிக்குப் பின் மிகக் குறுகிய காலத்தில். துபாசி இருந்ததை மறைக்கவில்லை. 'நான் குணமாக்கினேன்' என்று ஓரிடத்திலும் இல்லை. ஆகவே பெண் வேதனைப்பட்டதையும் ஞானஸ்நானத்துக்குப் பின் பிள்ளை பெற்றதையும் எந்த வரலாற்றாசிரியரும் ஏற்றுக்கொள்வார். அந்த வேளையில் அப்படி நடந்தது இறைவனின் செயலா, தற்செயலா? அந்தக் கேள்விக்கு ஆராய்ச்சி பதில் சொல்லாது. சவேரியார் விசுவாசத்தால் பதில் சொன்னார்; நாமும் அப்படியே சொல்கிறோம். ஆனால் நடந்தது எது, நாம் அதைப் படிக்கும் முறை எது என்று தெரிந்து சொல்கிறோம்.

இறந்தவரை எழுப்பியதாகவும் அவர் வாழ்நாளிலேயே பேச்சு எழுந்தது. கோவாவில் நண்பர்கள் அதைப் பற்றிக் கேட்டபோது அவர் வெட்கப்பட்டுச் சிரித்து, ஒரு சிறுவனைச் செத்தவன் என்று கொண்டு வந்தார்கள், இறைவன் பேரால் எழுந்திரு என்றேன், எழுந்தான், அதற்குப் போய் மக்கள் ஆரவாரம் செய்தார்கள் என்று சொன்னதாக ஒரு பழைய செய்தி உண்டு. அவருடைய கடிதங்களைப் படித்தவர்க்கு இந்தக் குரல் பழக்கமான குரலாகவே இருக்கும்.

கதைகளை உதறியவர் யார்?

1896-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவர் ஆண்ட்ரு டிக்சன் ஒயிட் என்பவர், விஞ்ஞானத்துக்கும் சமயத்துக்கும் நடந்த போர் என்று ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் சவேரியாரின் புதுமைகள் நூலுக்கு நூல் எப்படிப் பெருகின என்று எடுத்துக்காட்டி, சமய நம்பிக்கையே இப்படித்தான் என்ற எண்ணம் படிப்போர்க்கு எழும்படி செய்தார். கத்தோலிக்கர் பலர் சினம் கொண்டனர். சினம் பதிலாகாது.

பதில் ஒரு சேசு சபைக் குருவிடமிருந்து வந்தது. ஜெர்மானியரான ஜார்ஜ் ஷுர்ஹாம்மர் இளம் வயதில் இந்தியாவுக்கு வந்து நோயுற்றார். 1910-ல் கோவாவில் சவேரியாரின் திருவுடலருகே, குணமடைந்தால் உம் வரலாற்றை எழுதுவேன் என்று நேர்ந்துகொண்டார். குணமடைந்தார். வாழ்நாள் முழுவதும் அந்த நேர்ச்சையை நிறைவேற்றினார். 1944-45-ல் ஜோசப் விக்கி என்பவருடன் சேர்ந்து கடிதங்களின் திருத்தமான பதிப்பை வெளியிட்டார். வரலாற்று நூல் நான்கு பெரும் தொகுதிகளாக 1955 முதல் 1973 வரை வெளிவந்தது. கடைசித் தொகுதி முடியுமுன் 1971-ல் அவர் காலமானார். புதுமைக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, யார் சொன்னது, எப்போது, எங்கிருந்து அறிந்தது என்று அவர் உரசிப் பார்த்தார். பலமொழி வரம் தேறவில்லை. சவேரியாரின் மன்றாட்டால் தான் பிழைத்தேன் என்று நம்பிய ஒருவரே இதைச் செய்தார் என்பதை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். நேர்ச்சைக்கு அவர் பொய்யைக் காணிக்கையாக வைக்கவில்லை.

இது புது வழக்கமும் அல்ல. பொல்லாந்தியர் எனப்படும் சேசு சபை அறிஞர்கள் 1643 முதலே அடியார் வரலாறுகளைப் பழைய ஏடுகளோடு ஒப்பிட்டு வெளியிட்டு வருகிறார்கள். பத்தாம் பத்திநாதர் பாப்பு 1907-ல் எழுதிய சுற்றுமடலிலேயே, பக்தி மரபுகளைத் திருச்சபை அனுமதிக்கும்போது அவற்றின் வரலாற்று உண்மைக்கு உறுதி கூறுவதில்லை என்று தெளிவாக்கியுள்ளார். புனிதர் பட்டம், அம்மனிதர் மோட்சத்தில் இருக்கிறார் என்பதற்கே உறுதி. ஆணைப் பத்திரத்தில் எடுத்துரைத்த ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அல்ல. 'பகுத்தறிவு' என்றாலே கறுப்புச் சட்டை நினைவுக்கு வரும் நாட்டில் வாழ்கிறோம். ஆனால் 1870-ல் முதலாம் வத்திக்கான் சங்கமே, விசுவாசமும் அறிவும் ஒரே இறைவனிடமிருந்து வருவதால் அவற்றுக்குள் உண்மையான முரண் இருக்க முடியாது என்று போதித்தது.

சுவிசேஷம்?

இனி அந்தக் கல்லூரி மாணவனின் கேள்விக்கு வருவோம். அவன் விடமாட்டான். "நண்டுக் கதைக்கு அறுபது ஆண்டு இடைவெளி என்று தள்ளுகிறீர்கள். சுவிசேஷங்களும் ஆண்டவர் மரித்து முப்பத்தைந்து முதல் அறுபத்தைந்து ஆண்டு கழித்து எழுதப்பட்டவை என்கிறார்களே, அவற்றையும் தள்ளவேண்டியதுதானே?" என்பான். நல்ல கேள்வி. இதை அதட்டக் கூடாது.

சவேரியாரைச் சோதிக்கக் கடிதம் உதவியது போலவே, இங்கும் கடிதங்கள் உள்ளன. சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் ஏறத்தாழ கி.பி. 55-ஐச் சேர்ந்தது, ஆண்டவர் மரித்து இருபத்தைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் 15-ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து மரித்ததையும் அடக்கம் செய்யப்பட்டதையும் உயிர்த்ததையும், தாம் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்ட போதனையாக அவர் ஒப்புவிக்கிறார். கேபாவுக்கும் யாகப்பருக்கும் காட்சி தந்ததைப் பெயர் சொல்லிக் கூறுகிறார். ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். கலாத்தியர் நிருபப்படி அவர் கேபாவையும் யாகப்பரையும் யெருசலேமில் நேரில் சந்தித்தவர். சவேரியார் விஷயத்தில் கடிதம் கதையை மறுத்தது. இங்கே கடிதம் சுவிசேஷத்தின் மையத்தை ஆதரிக்கிறது.

நண்டுக்கு ஒரு சாட்சி. இங்கே பல வழிகளில் வந்த சாட்சிகள். கிறிஸ்தவர்களை வெறுத்த உரோமை வரலாற்றாசிரியர் தாசித்து, பிலாத்துவின் ஆட்சியில் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்று எழுதி வைத்தார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லொன்று 1961-ல் செசாரேயாவில் மண்ணுக்கடியில் கிடைத்தது. கொற்கைக்கு உதவிய மண்வெட்டி அங்கும் உதவியிருக்கிறது.

எதிர்க்காற்றில் திரும்பிய இருபது தோணிகளைப் போன்ற செய்திகள் சுவிசேஷங்களிலும் உண்டு. நாசரேத்தில் மக்களின் அவிசுவாசத்தால் ஆண்டவர் பெரிதாக ஒரு புதுமையும் செய்ய இயலவில்லை என்று மாற்கு எழுதுகிறார். திருச்சபையின் முதல் தலைவரான இராயப்பர் ஓர் ஊழியக்காரியின் முன் மறுதலித்ததை நால்வரும் மறைக்கவில்லை. வெற்றுக் கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள். பெண்ணின் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைந்த சமுதாயத்தில் கதை கட்டுகிறவன் அப்படிக் கட்டமாட்டான். லூக்காஸ் தம் முன்னுரையிலேயே, கண்ணால் கண்டவர்கள் ஒப்புவித்தவற்றை நுணுகி விசாரித்து எழுதுவதாகச் சொல்கிறார். ஆராய்ச்சி சுவிசேஷத்துக்கு வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல என்பதற்கு அந்த முன்னுரையே சான்று.

அதற்காக நால்வர் எழுதியதும் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாமல் ஒத்திருக்கிறது என்று நம் மாணவனிடம் சொல்லவேண்டாம். அவன் வாசித்துப் பார்த்துவிடுவான். 1964-ல் பாப்பு ஆணையத்தின் வேதாகமக் குழு வெளியிட்ட அறிவுரையும், 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறை வெளிப்பாட்டைப் பற்றித் தந்த ஏடும், ஆண்டவர் சொன்னது செய்தது, அப்போஸ்தலர் போதித்தது, ஆசிரியர்கள் தேர்ந்து எழுதியது என்ற மூன்று படிகளைக் காட்டுகின்றன. சுவிசேஷகர்கள் சிலவற்றைத் தேர்ந்தார்கள், சிலவற்றைச் சுருக்கினார்கள், தம் மக்களின் நிலைக்கேற்ப விளக்கினார்கள். ஆனால் இயேசுவைப் பற்றி உண்மையானதையே எழுதினார்கள் என்பது சங்கத்தின் போதனை.

இவ்வளவும் சேர்ந்து எதை நிறுவும்? சீடர்கள் தாங்கள் கண்டதாக மனதார நம்பியதைச் சொன்னார்கள், அதற்காக உயிரையும் கொடுத்தார்கள் என்பது வரை நிறுவும். கல்லறையிலிருந்து எழுந்தவர் என் ஆண்டவர் என்று முழந்தாளிட வைக்காது. கொம்புத்துறை வீட்டு வாசல் வரை ஆராய்ச்சி நம்மைக் கூட்டிச் செல்கிறது. உள்ளே சவேரியார் கண்டதைக் காண வேறு கண் வேண்டும். அந்தக் கண் இறைவன் தரும் வரம். ஆனால் வாசல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சுவரில் முட்டிக்கொள்பவனுக்கு அந்த வரத்தைப் பற்றிச் சொல்லி என்ன பயன்?

முத்துக்குளித்த தலைமுறையின் முதியவர்களுக்கு ஒன்று தெரியும். 1961 வரை சலாபம் நடந்தபோது, சிப்பிக் குவியலைக் கழுவி, மணலையும் ஓட்டையும் அரித்து நீக்கி, சல்லடைகளில் சலித்து, ஆணிமுத்தைத் தனியே எடுப்பார்கள். சலிக்கிறான் என்பதற்காக வியாபாரியை முத்தின் பகைவன் என்று யாரும் சொன்னதில்லை. மணல் இருக்கிறது என்பதற்காகக் குவியலைக் கடலில் கொட்டியவரும் இல்லை.

நடைமுறையில் ஒரு யோசனையை விழாக் குழுவினர் முன் வைக்கிறேன். டிசம்பர் 3-ஆம் தேதி சவேரியார் திருநாளில் நம் பிள்ளைகளுக்கு வழக்கமாக நண்டுக் கதையைச் சொல்கிறோம். சொல்லட்டும், 'இப்படி ஒரு கதை உண்டு' என்று சொல்லட்டும். அதோடு மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் இரண்டைத் தெரிந்தெடுத்து விளக்கிச் சொன்னால் நன்று. இருபது தோணிகள் எதிர்க்காற்றில் திரும்பியது ஒன்று. 'வேணும்' என்பதை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்று போடச் சொன்னது மற்றொன்று. புன்னைக்காயலில் யாராவது சாராயம் குடித்தது தெரிந்தால் பட்டங்கட்டிகளே தெண்டம் கட்ட நேரும் என்று மிரட்டி எழுதியதையும் சேர்த்துக்கொள்ளலாம். அதைக் கேட்கப் பெரியவர்களும் கூடுவார்கள்.